மூட்டை பாதி இறங்கும் நாள்

ஏழுமலைக்கு அம்மா எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். போன வாரம் உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான், நீ நன்றாகத்தான் இருக்கிறாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மில்லின் மேல் தளத்தில் அடுக்கியிருக்கிற கடலை மூட்டைகளைக் கப்பலுக்கு இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். மீதியை இறக்கும்போது, மேலே பெண்கள் உட்கார்ந்திருக்கும் வரையில் நீ இஞ்சினை ஓட்டாதே. அந்தப் பெண்களில் ஒருத்தி உன் பெண்டாட்டி பாக்கியம். அவள் வயிற்றில் உன் பிள்ளை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம், ஏன் சொல்கிறேன் என்பதற்காக.

நேரிலேயே சொன்னேன், நீ பாதியில் எழுந்து போய்விட்டாய். உன் நைனாவின் பேரை எடுத்தாலே உனக்கு முகம் மாறிவிடுகிறது. கொள்ளி வைக்க வந்தாய், வைத்தாய், காரியம் முடிந்ததும் ஈரத்துணியோடு திருவொற்றியூருக்கு நடந்துவிட்டாய். வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பனும் மகனும் பேசாமல் இருந்த இத்தனை வருஷமும் நான் நடுவில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமலே பழகிவிட்டேன். இப்போது அவர் இல்லை. இனிமேல் நான் பேசாமல் இருந்தால் அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடும். ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்த எழுத்து இது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். ஆனால் கடைசி வரைக்கும் படி. காகிதம் நீ எழுந்து போனால் பின்னால் வராது, ஆனால் திரும்பி வந்தால் அங்கேயே இருக்கும்.

தண்டையார்பேட்டை மில் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் நீ அதன் உள்ளே அதிகம் வந்ததில்லை, அப்போது நீ ரெயில்வே பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தாய். மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வருகிற கடலையைக் கீழே மிஷினில் உடைப்பார்கள். பருப்பு மேல் தளத்துக்குப் போகும். அங்கே நாங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் புடைத்து, சொத்தையும் கல்லும் பொறுக்குவோம். பொறுக்கின பருப்பை மூட்டை பிடித்து, கப்பல் வருகிற வரைக்கும் அதே தளத்தில் சுவரோரம் முதல் நடு வரைக்கும் அடுக்குவார்கள். தளம் முழுக்க மரம். பெரிய பெரிய உத்திரம், இரண்டு பக்கமும் சுவர்க் குழியில் சொருகியது. அந்த உத்திரத்துக்கு அடியில்தான் நீளமான இரும்புத் தண்டு தொங்கும், இஞ்சின் பெல்ட் அதைச் சுற்றும், அதிலிருந்து மற்ற மிஷினுக்கெல்லாம் பெல்ட் போகும். ஒரு பெல்ட் மட்டும் தளத்தில் வெட்டின துவாரம் வழியாக மேலே ஏறி, தூசி ஊதுகிற விசிறிக்குப் போகும். துவாரத்துக்கு நேர் கீழே உன் நைனா நிற்பார். அங்கேதான் அவருடைய இஞ்சின்.

உங்கள் மில்லும் அச்சாக இப்படியேதான் இருக்கிறது. பாக்கியம் என்னை மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது படியிலேயே என் கால் நின்றுவிட்டது. மூச்சு வாங்குகிறது என்று அவளிடம் பொய் சொன்னேன்.

காலையில் இஞ்சின் கிளம்பும்போது தளம் ஒரு உதறு உதறும். முதலில் மெதுவாக, தொப்... தொப்... என்று ஆரம்பித்து, வேகம் ஏறும்போது நடுவில் ஒரு இடம் வரும், அங்கே தளம் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். வேகம் இன்னும் ஏறினதும் நடுக்கம் நின்றுவிடும். நாங்கள் அதற்கு உதறல் என்று பேர் வைத்திருந்தோம். அது போகிற வரைக்கும் யாரும் உட்கார மாட்டார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "உதறல் போச்சு, உக்காருங்கடி" என்று மேஸ்திரி அம்மா சொன்ன பிறகுதான் முறத்தை எடுப்போம். உன் நைனாவும் அந்த இடத்தில் இஞ்சினைத் தங்க விடமாட்டார், சட்டென்று தாண்டிவிடுவார். "அந்த வேகத்துல நிக்கக் கூடாது, கடலை உருண்டுடும்" என்பார். அவருக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான். அதன் பிறகு நாள் முழுக்க இஞ்சின் ஒரே சீராக ஓடும். எங்கள் முறமும் அந்தத் தாளத்துக்கே ஆடும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, கை தானாகப் போய் அதில் விழும். அத்தனை முறமும் ஒரே வீச்சு.

உன் அக்கா பூங்காவனத்துக்கு அந்தத் துவாரத்தோரம்தான் இடம். அவளே பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்திருப்பாள், தூசிக்குத் தொண்டை காயும் என்று. ஆனால் அது குடிக்க மட்டும் இல்லை. கை நனைத்து, துவாரம் வழியாக உன் நைனா தலைமேல் சொட்டுச் சொட்டாக விடுவாள். இஞ்சின் சத்தத்தில் அவருக்கு மேலே பேசுவது ஒன்றும் கேட்காது. கழுத்தில் தண்ணீர் பட்டதும் நிமிர்ந்து பார்ப்பார். அவள் துவாரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைப்பாள், "மழையா நைனா?" அவர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, குடை பிடிக்கிற மாதிரி ஒரு சாடை காட்டுவார். கல்யாணத்துக்குப் பேசி வைத்த பெண், இப்படி விளையாடுகிறாளே என்று நான் திட்டுவேன். "உனுக்கு இன்னாம்மா பேஜாரு, எங்க நைனாவுக்குத்தானே ஊத்தறேன்" என்பாள். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்தத் துவாரத்தில்தான்.

அன்றைக்கு மூட்டை இறக்குகிற நாள். கப்பல் வந்துவிட்டது என்று வண்டிகள் வாசலில் வரிசையாக நின்றன. காலையிலிருந்து ஆட்கள் மேலே வந்து மூட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். சாப்பாட்டு வேளைக்குள் தளத்தில் பாதி காலி. மூட்டை மறைத்திருந்த கடல் பக்கத்து ஜன்னல் திறந்துகொண்டு காற்று வந்தது. பெண்களுக்கெல்லாம் சந்தோஷம். பூங்காவனம் முறத்தை எடுத்துக்கொண்டு, "இங்க வா யம்மா, காத்து நல்லா வருது" என்றாளோ, "ஜில்லுனு கீது" என்றாளோ, வார்த்தை எனக்குச் சரியாக நினைவில்லை, காலியான இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பெண்களும் போனார்கள். எனக்கு முழங்கால் வலி, நான் படிப்பக்கமே இருந்துவிட்டேன். அவளுடைய சொம்பு துவாரத்தோரம் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தளம் லேசாக ஆட ஆரம்பித்தது. காலை உதறல் மாதிரி நடுக்கம் இல்லை அது, மேலும் கீழும் மெத்தென்று. முதலில் யாருக்கும் பயம் வரவில்லை. பாரம் குறைந்திருக்கிறது, தளத்துக்கு என்ன கேடு என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. "ஊஞ்சல் மாதிரி கீதுடி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். முறம் நிற்கவில்லை. இஞ்சின் தாளமும், தளத்தின் ஆட்டமும், முறத்தின் வீச்சும் எல்லாம் ஒன்றாகிவிட்டன. ஆட்டம் கூடிக்கொண்டே போனது. இஞ்சின் வேகம் கூடவே இல்லை ஏழுமலை, என் காதால் கேட்டேன், எப்போதும் போல அதே தொப் தொப்தான். அப்புறம் மூட்டைகளிலிருந்து தூசி கிளம்பியது. மேஸ்திரி அம்மா எழுந்து, "நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு" என்று கத்தினாள். நானும் கத்தினேன். கீழே எப்படிக் கேட்கும். சொம்பு தளத்தோடு ஆடி ஆடி, சாய்ந்து, உருண்டது. தண்ணீர் முழுக்கத் துவாரத்தில் போனது. அதன் பிறகு கடல் பக்கத்து உத்திரம் சுவர்க் குழியிலிருந்து நழுவியது. தளம் அந்தப் பக்கம் சாய, மிச்சம் இருந்த மூட்டைகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு பெண்கள்மேல் போயின. படிப்பக்கம் இருந்த நாங்கள் படிக் கட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

அதற்கு மேல் அன்றைக்கு நடந்ததை நான் எழுதமாட்டேன். நீ பட்டறையிலிருந்து ஓடிவந்து பார்த்தாய், உனக்குத் தெரியும். மூட்டையை நீக்கினபோது அவள் கையில் முறம் இருந்தது.

விசாரணையில் காதர் பாயைக் கேட்டார்கள். பெல்ட் பார்த்துக்கொண்டு உன் நைனாவோடு எப்போதும் கீழே இருந்தவர் அவர்தான். நல்ல மனுஷர், இட்டுக்கட்டிப் பேசத் தெரியாதவர். தளம் விழுகிறபோது இஞ்சின்காரன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டதற்கு, "மேலே பார்த்துச் சிரிச்சிகினு இருந்தாருங்க" என்று சொல்லிவிட்டார். கண்டதைச் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. குடித்துவிட்டு ஓட்டினான் என்றார்கள், வேகத்தைக் கூட்டிவிட்டான் என்றார்கள். உன் நைனாவைக் கேட்டபோது அவர் வாயே திறக்கவில்லை. நீயும் வீட்டுக்கு வந்து கேட்டாய். அவர் முன்னால் நின்றுகொண்டு, "அக்கா சாவறப்போ இன்னாத்துக்கு சிரிச்சே, அத்த மட்டும் சொல்லு" என்றாய். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ துணியைச் சுருட்டிக்கொண்டு போனாய். அவர் மேல் கோபம் வந்து, என் மேலும் கோபம் வந்து, தீபாவளி பொங்கலுக்குக்கூட வரவில்லை. குடிக்காமல், பீடி பிடிக்காமல், உன் நைனாவுக்கு எதிராகவே உன்னை வளர்த்துக்கொண்டாய். அதிலே நல்லதும் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அதன் பிறகு அவரை யாரும் இஞ்சின் பக்கம் விடவில்லை. ராயபுரத்தில் கத்தி சாணை பிடிக்கிற கடையில் சக்கரம் சுற்றினார். காலையில் மில் சங்கு ஊதும்போது சோற்றுத் தட்டில் வைத்த கை அப்படியே நிற்கும். மறுபடி சங்கு ஊதுவதற்குள் ஒரு மாதிரி தேறிவிடுவார், மறுநாள் அது ஊதினதும் பழையபடி. தினம் தினம் அதே நேரத்துக்கு ஒருவன் வந்து தள்ளிவிட்டுப் போகிற மாதிரி. வீட்டில் நாலு பேர் இருந்து பேசிச் சிரித்திருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கும். நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்குள்ளும் அதே ஆட்டம்தான், நான் அவரை எங்கே பிடித்து நிறுத்துவது.

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு நாள் சாணைக்கடையிலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அன்னிக்கு அவ தண்ணி ஊத்தினாளே, அப்போ இன்னா சொன்னா? வாய அசைச்சாளா?" எனக்கு முதலில் புரியவில்லை. "யாரு ஊத்தினது?" என்றேன். "பூங்காவனம்தான். தலையில தபதபன்னு ஊத்தினா. என்னிக்கும் சொட்டுத்தான் வுடுவா, அன்னிக்கு முழுசும் ஊத்திட்டா. நான் நிமிந்து சிரிச்சேன். மொகம் வரும் வரும்னு பாத்துகினே இருந்தேன்." அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் ஏன் சிரித்தார் என்று. விசாரணையில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. மகள் கடைசியாகத் தன்னோடு விளையாடினாள் என்று அந்தச் சிரிப்பை அவர் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன். "யாரும் ஊத்தலய்யா. அவ ஜன்னலாண்ட போய்ட்டிருந்தா. சொம்பு தானா ஆடிச் சாஞ்சுது. அப்பறம்தான் வுழுந்துது தளம்."

அவர் கழுவின கையைத் துண்டில் துடைத்தார். அழவில்லை. "தானா ஆடிச்சா," என்றார். "வுழறதுக்கு மின்னாடியேவா?" என்றார். "என் இஞ்சின் கூடவும் இல்ல, குறையவும் இல்லியே, எப்படி ஆடும்?" என்றார். மறுநாள் எங்கிருந்தோ ஒரு நீளப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஏழுமலை, இங்கேதான் நீ நிதானமாகப் படிக்க வேண்டும். கொல்லையில் இரண்டு கல்லுக்குக் குறுக்கே அந்தப் பலகையை வைத்தார். நடுவில் செங்கல்களை அடுக்கினார். பக்கத்தில் குந்திக்கொண்டு, வாயால் இஞ்சின் ஓட்டினார், தொப் தொப் தொப் என்று, அந்தப் பழைய தண்டையார்பேட்டை இஞ்சின் ஓடுகிற அதே வேகம், மாறவே மாறாது. அந்தத் தாளத்துக்கு இரண்டு விரலால் பலகையை அமுக்கிக்கொண்டே இருந்தார். கல் நிறைய இருந்தபோது பலகை சும்மா கிடந்தது. ஒரு கல்லை எடுத்தார், அமுக்கினார். இன்னொன்றை எடுத்தார், அமுக்கினார். விரலின் பலம் அதேதான், வாயின் தாளம் அதேதான். சில கல் போனதும் பலகை கொஞ்சம் கொஞ்சமாக ஆடத் தொடங்கி, திடீரென்று எழும்பிக் குதித்தது, கல்லெல்லாம் சரிந்து அவர் காலில் விழுந்தது. நான் பயந்து ஓடிவந்தேன். அவர் காலைப் பார்க்கவே இல்லை. மறுபடி அடுக்கினார். இந்தத் தடவை குதிக்கிற இடத்தை அவசரமாகத் தாண்டி, இன்னும் கல்லை எடுத்துவிட்டு அமுக்கினார். பலகை மறுபடி சும்மா கிடந்தது. நிறைய இருந்தாலும் ஒன்றுமில்லை, காலியாக இருந்தாலும் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு இடம். அங்கே மட்டும் இரண்டு விரல் போதும், கல்லைத் தூக்கி எறிய.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது தூளியில் போட்டு ஆட்டியிருக்கிறேன். அது போய்த் திரும்பி வருகிற நேரத்துக்குச் சரியாக ஒரு விரலால் தொட்டால் போதும், உயரப் போகும். நேரம் தப்பித் தொட்டால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் கைதான் இடிக்கும். அந்தத் தளத்துக்கும் தூளி மாதிரி தனக்கென்று ஒரு ஆட்டம் உண்டு என்றார் உன் நைனா. மூட்டை நிறைய இருந்தால் அது மெதுவான ஆட்டம். அதனால்தான் காலையில் இஞ்சின் மெதுவாக ஓடும்போது உதறல் வந்தது, வேகம் ஏறினதும் போனது. மூட்டை இறங்க இறங்க தளத்தின் ஆட்டம் வேகமாகிக்கொண்டே வரும். உதறல் போகவில்லை, அது இஞ்சின் ஓடுகிற வேகத்தைத் தேடிக்கொண்டு மேலே ஏறி வருகிறது. பாதி இறங்கினபோது இரண்டும் ஒன்றாகிவிட்டது. அதோடு மூட்டைகள் இருந்தவரைக்கும் உள்ளே பருப்போடு பருப்பு உரசி, ஆட்டத்தைக் கொஞ்சம் தின்றுகொண்டிருந்தது. அதுவும் குறைந்துபோனது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னா மாமு, பலகைக்குப் பாட்டு கத்துக் குடுக்கிறியா?" என்று கிண்டல் செய்தார்கள். "ஆமா, உன்னவிட சீக்கிரம் கத்துக்குது" என்றார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் அவர் ஒருத்தருக்குப் பதில் பேசினார். பிறகு ஒரு சாக்கை நனைத்து மடித்துப் பலகைக்கு அடியில் தொடுகிற மாதிரி வைத்தார். குதிக்கிற இடம் எது என்று அவருக்கு இப்போது தெரியும், அத்தனை கல்லை மட்டும் வைத்து அமுக்கினார். பலகை ஆடியது, அவ்வளவுதான், குதிக்கவில்லை. ஈரச்சாக்கைத் தடவிக்கொண்டே, "இவ்ளோதாம்மே," என்றார். "ஒரு ஈரச்சாக்கு." அப்போதுதான் அழுதார்.

உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை புறப்பட்டார். உன் மில் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே இஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். "நல்லா ஓட்றான். ஊசி மாதிரி நிக்குது வேகம்," என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. அப்புறம் மார்ச்சளி பிடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். பாக்கியம் என்னை மேலே கூட்டிப்போனபோது, சுவரோரத்து மூட்டைகளில் முதல் வரிசை ஏற்கெனவே இறங்கியிருந்தது. பெண்கள் புடைத்துக்கொண்டிருந்தார்கள், அதே மாதிரி, அத்தனை முறமும் ஒரே வீச்சு. பாக்கியம் தன் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு எனக்கு உட்காரப் பலகை எடுக்கப் போனாள். நான் சொம்பைப் பார்த்தேன். தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. சின்னதுதான், ஆனால் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவள் வந்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "இங்க உக்காந்தா கொயந்தைக்குத் தாலாட்டு மாதிரி கீது அத்தே, ஊஞ்சலாட்டம்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறக்கிவிட்டேன். அவள், வயசானவளுக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

உன்னிடம் சொன்னேன். நீ சொன்னது எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. "நைனா இஞ்சினும் என் இஞ்சினும் ஒண்ணா யம்மா? நான் குடிக்கிறவன் இல்ல. என் இஞ்சின் ஒரு சுத்து கூடாது, ஒரு சுத்து குறையாது. மூட்டை எறங்கினா தளத்துக்கு லேசுதானே, நீ இன்னாத்துக்கு பயப்படறே?" கண்ணு, உன் நைனாவும் குடிக்கவில்லை. அவர் இஞ்சினும் ஒரு சுற்றுக் கூடவில்லை, குறையவில்லை. அதுதான் நடந்தது. ஒரே சீராக ஓடினதால்தான் தளத்தின் ஆட்டம் வந்து அதைப் பிடித்துக்கொண்டது. நீ இன்னும் நன்றாக ஓட்டினால் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். உன் இஞ்சின் கல் மேடையில் நிற்கிறது, கீழே நிற்கிற உனக்கு ஒன்றும் தெரியாது. மேலே கத்தினாலும் கேட்காது. உன் நைனாவுக்கு எது தெரியாமல் போனதோ அதுவே உனக்கும் தெரியாமல் போகும், நீ அவரைவிட நல்லவனாக இருந்தாலும்.

என்ன செய்யலாம் என்று கேட்பாய். பெரிய கப்பலுக்கான வண்டிகள் திங்கட்கிழமை வருகின்றன என்று பாக்கியம் சொன்னாள். அன்றைக்கு மூட்டை இறங்கி முடிகிறவரைக்கும் இஞ்சினை நிறுத்தி வை. மேனேஜர் விடமாட்டார் என்றால், பெண்களைக் கீழே இறக்கிவிட்டு ஓட்டு. அதற்கும் விடமாட்டார் என்றால், நடு உத்திரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, மணல் மூட்டையை நனைத்துத் திணித்து வை. அது மூன்றாவது வழிதான், முதல் வழி இல்லை. வேலை போய்விடும் என்று நினைப்பாய். போகலாம். வேலை போன இஞ்சின்காரனோடு நான் குடித்தனம் செய்திருக்கிறேன், செய்யலாம். பெண்டாட்டியிடம் கேட்டுப் பார், அவளும் அதையேதான் சொல்வாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல். வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு வாழக்கூடாது. நாங்கள் வாழ்ந்தோம், நீ பார்த்தாய்.

ஆனால் உன்னை எனக்குத் தெரியும். இதையெல்லாம் படித்துவிட்டு, பார்க்கலாம் என்று மடித்துச் சட்டைப்பையில் வைப்பாய். திங்கட்கிழமை காலையில் மேனேஜர் வந்து நின்றதும் இஞ்சினைக் கிளப்பிவிடுவாய். அதனால் நான் வருகிறேன். தண்டையார்பேட்டையிலிருந்து விடிந்ததும் நடந்தால் சங்கு ஊதுவதற்குள் வந்துவிடுவேன். உன் பக்கம் வரமாட்டேன், உன்னோடு பேசவும் மாட்டேன். அன்றைக்கு அப்புறம் எந்த மில் தளத்திலும் உட்கார்ந்ததில்லை நான், உங்கள் மில்லில் ஏறி உட்காருவேன். பாக்கியத்தின் பக்கத்தில், பெல்ட் துவாரத்தோரம். அவளை ஜன்னல் பக்கம் போகவிடமாட்டேன். சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு மூட்டை இறங்கும்போதும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேறு வேலை இல்லை.

நீ கீழே இஞ்சினைப் பார்த்துக்கொண்டிரு. தலையில் தண்ணீர் விழுந்தால் நிமிர்ந்து பார்க்காதே. முகம் தெரிகிறதா என்று தேடாதே. நிறுத்து.

அம்மா